அத்தர்க்காரர் ஊத்திய சொட்டு மருந்து

அன்றைக்கு நான் என் மேஜைக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தேன்.

சிதம்பரம் தெற்கு வீதியில் என் கண் கிளினிக். வெளியே பெஞ்ச் நிறைய ஜனம். உள்ளே, ஐம்பதைத் தாண்டிய டாக்டர் ஒருத்தி, கஞ்சி போட்ட காட்டன் புடவையும் கையில் டார்ச்சுமாகத் தரையில் கிடக்கிறாள். எதிரே, குப்பைக்கூடைக்கும் சுவருக்கும் நடுவில், ஆறு வயசுப் பொண்ணு ஒருத்தி. இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தி, முகத்தை முழங்காலுக்குள் புதைத்து உட்கார்ந்திருந்தாள்.

கதவைத் திறந்த என் உதவியாளர் செல்வி, நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்து, "மேடம்?" என்றாள்.

"கீழ இருக்கேன். கதவைச் சாத்து. லைட்டை அணை."

செல்வி என்னோடு பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறவள். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. லைட்டை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இருட்டானதும் அந்தப் பொண்ணு மெதுவாகக் கையை எடுத்தாள். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், ஓரமாக, சாம்பலும் வெள்ளையுமாக ஒரு புள்ளி.

வாயைத் திறக்கும் பிள்ளைகள்

ஊசிக்குப் பயந்த பிள்ளை கதவைப் பார்த்து ஓடும். கண்ணில் வெளிச்சம் குத்துகிற பிள்ளை இருட்டைத் தேடி ஓடும். கட்டிலுக்கு அடியில், பீரோ சந்தில், அம்மா முந்தானைக்குள். வந்ததும் வராததுமாக மேஜைக்கு அடியில் ஒரு பிள்ளை நுழைந்தால், அது சேட்டை இல்லை, கருவிழியில் ஏதோ கோளாறு என்று எனக்கு அப்போதே மண்டையில் மணி அடித்துவிடும். கருவிழி என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கிற கண்ணாடி. அதில் புண் வந்தால் வெளிச்சமே வலி.

பிள்ளைகளின் கண்ணைப் பார்ப்பது மாதிரி ஒரு வேலை உலகத்திலேயே கிடையாது. "கண்ணைத் தொற செல்லம்" என்றால் வாயைத் திறக்கும். "மேல பாரு" என்றால் மொத்தத் தலையையும் மேலே தூக்கும். நாலு பேர் சேர்ந்து பெட்ஷீட்டில் சுற்றிப் பிடித்தால்தான் இமையைப் பிரிக்க முடியும். சுற்றுகிறபோது பார்த்தால் பிள்ளையை விட்டுவிட்டு அதன் சித்தப்பாவின் கையைச் சுற்றியிருப்போம். ஒரு தடவை பொம்மை காட்டி ஏமாற்றப் பார்த்தேன். பொம்மையைப் பிடுங்கி என் மூக்கில் அடித்தான் ஒருவன். அவன் இப்போது பெரிய ஆளாகி, பெங்களூரில் வேலை. அவன் அம்மா பார்க்கும்போதெல்லாம், "அவன் அப்பவே சுறுசுறுப்பு டாக்டர்" என்று பெருமைப்படுகிறாள். என் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது!

அதனால்தான் நான் மேஜைக்கு அடியில் போய்ப் படுத்தது. எங்கே பிள்ளைக்குச் சௌகரியமோ அங்கேதான் என் கிளினிக்.

மேஜைக்கு மேலே ஒரு தகப்பன்

பொண்ணு பெயர் நஸ்ரின். கடலூர் முதுநகர். கூட வந்தவர்கள் அம்மா சபீனா, சபீனாவின் அண்ணன் காதர் பாய். நஸ்ரினின் அத்தா குவைத்தில் வேலை பார்க்கிறார். ஆனால் அவரும் வந்திருந்தார். வீடியோ காலில், என் டிஷ்யூ பெட்டியில் சாய்ந்துகொண்டு. நோயாளி மேஜைக்கு அடியில், தகப்பன் மேஜைக்கு மேலே.

"டாக்டர் எங்க, காணோமே?" என்று குவைத்திலிருந்து குரல் வந்தது.

"கீழ பாத்துட்டு இருக்காங்க மச்சான், சும்மா இருங்க" என்றார் காதர் பாய்.

லீவுக்கு நஸ்ரின் மங்கலம்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். பிள்ளைகள் கரும்புக் கொல்லையில் ஓடிப் பிடித்து விளையாடியபோது, காய்ந்த சோகை இலை ஒன்று சுளீரென்று கண்ணில் அடித்திருக்கிறது. கண் சிவந்தது. உடனே வைத்தியம் ஆரம்பம்.

முதலில் பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால். அப்புறம் நந்தியாவட்டைப் பூ. அப்புறம் யாருக்கோ மெட்ராஸ் ஐ வந்தபோது வாங்கி, ஃப்ரிட்ஜ் கதவில் மறந்து கிடந்த சொட்டு மருந்து. அதை ஊத்தியதும் சிவப்பு குறைந்துவிட்டதாம். வீடே சந்தோஷப்பட்டிருக்கிறது.

குறையாமல் என்ன செய்யும்? அதில் ஸ்டீராய்டு இருந்தது. மேலே சிவப்பை அடக்கிவிட்டு, உள்ளே கிருமிக்குப் பந்தி பரிமாறிவிடும். செடி கொடி பட்ட கண்ணில் பெரும்பாலும் பூஞ்சைதான் உட்கார்ந்திருக்கும். அதற்கு ஸ்டீராய்டு கொடுப்பது கூப்பிட்டு வைத்து பிரியாணி போடுகிற மாதிரி.

"யாரு ஊத்தச் சொன்னது?" என்று மேஜைக்கு அடியிலிருந்தே கத்தினேன்.

சபீனா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் போனைப் பார்த்தார். குவைத்தில் லைன் கட்டாகிவிட்டது.

மயக்க டாக்டருக்கு வந்த மயக்கம்

சும்மா பார்த்துவிட்டுப் பூஞ்சை என்று சொல்லிவிட முடியாது. புண்ணிலிருந்து துளி சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். பெரியவர்கள் என்றால் மரத்துப்போகிற சொட்டு விட்டு, உட்கார வைத்தே எடுத்துவிடலாம். நஸ்ரினிடம் அது நடக்குமா? தெரிந்த ஆஸ்பத்திரி ஒன்றில், மறுநாள் காலை, லேசாகத் தூங்க வைத்து எடுக்க ஏற்பாடு செய்தேன்.

இந்த இடத்தில் காதர் பாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதுநகரில் அத்தர் கடை. வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, சத்தமே இல்லாத நடை. தனக்கு நல்லது செய்கிறவர்கள் யாராக இருந்தாலும் கையைப் பிடித்து, புறங்கையில் ஒரு துளி அத்தர் தேய்த்துவிட்டுத்தான் விடுவார். என் கையில் தேய்த்தார். செல்வி கையில் தேய்த்தார். ஆஸ்பத்திரி செக்யூரிட்டி, ஆயா, லேப்காரர் என்று ஒருத்தர் பாக்கியில்லை. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டருக்கு மட்டும் மரியாதையாக ரெண்டு கையிலும் தேய்த்துவிட்டார்.

"மேடம், பிள்ளைக்கு முன்னாடி எனக்கு மயக்கம் வந்துடும்போல இருக்கு" என்றார் அந்தப் பாவப்பட்ட மனுஷன். கையை மூணு தரம் சோப்புப் போட்டுக் கழுவியும் தியேட்டர் முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை.

சுரண்டி எடுத்ததை லேபில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. கிளை பிரிந்து பிரிந்து ஓடும் மெல்லிய நூல்கள். பூஞ்சை.

சபீனாவையும் காதர் பாயையும் உட்கார வைத்துச் சொன்னேன். "புண்ணு இப்ப ஓரமா இருக்குது. நடுவுல இருக்கிற கண்ணு பாப்பாவுக்கு நேரா வந்துடுச்சின்னா, ஆறினாலும் தழும்பு நின்னுடும், பார்வை போயிடும். ஆழமா எறங்குச்சின்னா கருவிழியே ஓட்டையாயிடும். மருந்து ஒண்ணுதான். மணிக்கொரு சொட்டு. பால் மாதிரி வெள்ளையா இருக்கும். ஒவ்வொரு தடவையும் நல்லா குலுக்கிட்டு ஊத்தணும்."

குலுக்கிக் காட்டினேன். செல்வியும் குலுக்கிக் காட்டினாள். நாங்கள் ரெண்டு பேரும் குலுக்கிய குலுக்கில் மேஜையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது.

"சரிங்க டாக்டரம்மா. இன்ஷா அல்லாஹ், ஒரு வேளை தவறாது" என்றார் காதர் பாய், பவ்யமாகத் தலையாட்டி.

புதுச்சத்திரத்தில் நிற்கும் பஸ்

தவறவே இல்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். சபீனாவுக்குக் கை நடுங்கும். நஸ்ரின் மாமாவிடம் மட்டும்தான் கண்ணைக் காட்டுவாள். அதனால் காதர் பாய் கடையைச் சாத்திவிட்டுச் சொட்டு ஊத்துவதையே முழுநேர வேலையாக வைத்துக்கொண்டார்.

என்னிடம் காட்ட வரும்போது பஸ்ஸில்தான் வருவார்கள். வழியில் ஒரு சொட்டு நேரம் வந்துவிடும். ஓடுகிற பஸ்ஸில் ஊத்தினால் மருந்து மூக்கில் விழும். முதல் தடவை காதர் பாய் தயங்கித் தயங்கி கண்டக்டரிடம் கேட்டிருக்கிறார். கண்டக்டர் விசில் அடித்து, "அண்ணே, ஓரமா நிறுத்து. பாப்பாவுக்குக் கண்ணு மருந்து" என்று நிறுத்திவிட்டார். அதிலிருந்து அதே பஸ், அதே இடம், புதுச்சத்திரம். டிரைவர் என்ஜினையே அணைத்துவிடுவாராம், ஆட்டம் இருக்கக் கூடாதென்று.

பஸ்ஸில் இருக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? "தலையை நல்லா சாய்ச்சிக்க கண்ணு." "மூக்கைப் புடி, மருந்து தொண்டைக்கு எறங்காது." "என் கொழுந்தனாருக்கும் இப்படித்தான்…" என்று ஒருத்தி ஆரம்பித்தாளாம். அவள் கொழுந்தனாருக்கு வந்தது மூலம்.

இவ்வளவு அக்கறை. இவ்வளவு ஒழுங்கு. ஆனால் புண் ஆறவில்லை.

முதல் தடவை பார்த்தபோது, இப்போதுதானே ஆரம்பித்திருக்கிறோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த தடவை ஓரம் லேசாகப் பரவியிருந்தது. அதற்கடுத்த தடவை கண் பாப்பாவின் விளிம்பைத் தொட இன்னும் மயிரிழைதான் பாக்கி. எனக்குச் சோறு இறங்கவில்லை. மருந்துக்கு அடங்காத ஜாதியா? கூட வேறு கிருமியும் சேர்ந்திருக்கிறதா? தெரிந்த டாக்டர்களுக்கெல்லாம் போன் போட்டு உயிரை எடுத்தேன். செல்வி ரெண்டு தடவை கஷாயப் பதத்தில் டீ போட்டாள் என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

கடைசியில் அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். "புதுச்சேரியில பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன். கருவிழி மாத்துற ஆபரேஷன் தேவைப்படலாம். சின்னப் பிள்ளைங்களுக்கு மாத்தி வெச்சது ஒட்டி நிக்கிறது ரொம்பக் கஷ்டம். அதையும் மறைக்காம சொல்லிடுறேன்."

டிஷ்யூ பெட்டியில் சாய்ந்திருந்த நஸ்ரினின் அத்தா, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

சபீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர், என் கண்ணுல ஒண்ணை எடுத்து வெச்சிடுங்க. நான் ஒண்ணை வெச்சிப் பொழைச்சிக்குவேன். வளர்ற பொண்ணு டாக்டர்."

உயிரோடு இருக்கிறவர்களிடமிருந்து அப்படி எடுக்க முடியாதம்மா என்று சொல்ல வேண்டும். அதற்குப் பதில் அவள் கையை என் ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து காதர் பாய் போனில் அலாரம் அடித்தது. சொட்டு நேரம்.

"ஒரு நிமிஷம் டாக்டரம்மா. இங்கயே ஊத்திடுறேன்" என்றார்.

தெளிந்த சரக்கு

அதுவரை அவர் ஊத்தி நான் பார்த்ததே இல்லை. பார்த்தேன்.

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மரக்கட்டை வந்தது. நடுவில் குழி. அத்தர் புட்டியை நிறுத்துகிற கட்டை. அதில் நம்ம மருந்து பாட்டில் ஆடாமல் அசையாமல் நட்டுக்குத்தலாக நின்றது. பச்சைப் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுக்கிற மாதிரி, அடியில் ஒரு விரல் கொடுத்துத் தூக்கினார். மூடியைத் திறந்தார். வெளிச்சத்தில் காட்டி, அடியில் ஏதும் கலங்குகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். லேசாக, மிக லேசாகச் சாய்த்தார்.

ஒரு சொட்டு விழுந்தது. குற்றாலத் தண்ணீர் மாதிரி அவ்வளவு தெளிவு.

"நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே பெஞ்சில் ஒருத்தர் எழுந்து நின்றுவிட்டாராம்.

பாட்டிலைப் பிடுங்கிப் பார்த்தேன். அடியில் மருந்து மொத்தமும் சுண்ணாம்பு மாதிரி இறுகிக் கிடந்தது. மேலே வெறும் தண்ணி. இத்தனை நாளும் மணிக்கொரு தரம், ஒரு வேளை தவறாமல், பஸ்ஸை நிறுத்தி, என்ஜினை அணைத்து, அந்தப் பொண்ணு கண்ணில் விழுந்தது அந்தத் தண்ணிதான்.

"குலுக்கணும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க டாக்டரம்மா."

"பின்ன ஏன் குலுக்கலை?"

காதர் பாய் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. என் மேல்!

"சரக்கைக் குலுக்கக் கூடாதுங்களே. எங்க கடையில எவனாச்சும் புட்டியைக் குலுக்கினா கையிலயே போடுவோம். மேல தெளிஞ்சி நிக்குது பாருங்க, அதான் அசல். அடியில தங்குறது கசடு. உங்க மருந்துல கசடு ரொம்ப ஜாஸ்தி டாக்டரம்மா. மெடிக்கல் ஷாப்புல போயி சண்டையே போட்டேன், என்னப்பா குழந்தை மருந்துல கலப்படம் பண்றீங்கன்னு. பிள்ளைக் கண்ணுல கசடு போயிடக் கூடாதேன்னு அரை மணி நேரம் தெளிய வெச்சி, மேலாப்புலதான் ஊத்துறேன், அடிக் கசடைத் தூக்கிப் போட்டுடுவேன்."

"அப்போ நான் சொன்னதுக்குத் தலையாட்டினீங்களே?"

"நீங்க படிச்சவங்க. சரக்கு விவரம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. மூஞ்சிக்கு நேரா சொன்னா உங்க மனசு கஷ்டப்படும்னு…"

அடப்பாவி மனுஷா! எனக்குச் சிரிப்பதா, அழுவதா, அந்த மரக்கட்டையை எடுத்து அவர் தலையில் ஒன்று போடுவதா தெரியவில்லை. செல்வி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது.

"காதர் பாய், உங்க அத்தர்ல கசடு கசடுதான். இதுல அந்தக் கசடுதான் மருந்து" என்றேன்.

அவர் முகம் வெளுத்துப்போனது. பாட்டிலையும் பார்த்தார், பிள்ளையையும் பார்த்தார். "யா அல்லாஹ்… நான் தூக்கிப் போட்டதெல்லாம்…" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த மனுஷனைப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்த வீட்டில் அந்தக் கண்ணுக்காக அவரளவுக்குப் பாடுபட்டவர் யாரும் இல்லை.

"எழுந்திருங்க. புதுச்சேரி கொஞ்சம் நிக்கட்டும். புதுப் பாட்டில் வாங்குங்க. நாலஞ்சி நாள் பாத்துடலாம்" என்றேன்.

குலுக்கும் உத்தியோகம்

அவரை நம்பினாலும் அவர் கையை நம்ப முடியாது. வாழ்நாள் பழக்கம், பாட்டிலைப் பிடித்ததும் கை தானாகவே அடங்கிவிடுகிறது. அதனால் குலுக்குகிற வேலையை நஸ்ரினுக்கே கொடுத்தேன். அவள் பாட்டிலைக் கையில் பிடித்து, முழு உடம்பையும் ஆட்டி, சுத்திச் சுத்தி ஒரு ஆட்டம் ஆடிவிட்டு மாமாவிடம் நீட்டுவாள். தானே தயார் பண்ணின மருந்து என்பதால் கண்ணைக் காட்டுவதில் தகராறும் இல்லை. பாட்டில் குலுங்கும்போது மட்டும் காதர் பாய் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். அவரால் அதைப் பார்க்க முடியவில்லை.

செய்தி பஸ்ஸுக்கும் போய்விட்டது. புதுச்சத்திரத்தில் வண்டி நின்றதும் கண்டக்டர், "பாப்பா, குலுக்கியாச்சா?" என்பாராம். மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்க்குமாம்.

நாலஞ்சு நாளில் புண்ணின் ஓரம் மழுங்கியது. பரவியது நின்றது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்க ஆரம்பித்தது. எல்லாம் ஆறி முடிக்க ரொம்பக் காலம் பிடித்தது. கடைசியில் ஒரு சின்னத் தழும்பு நின்றது, கண் பாப்பாவை ஒட்டினாற்போல. ஒட்டினாற்போல என்றால் உள்ளேயா வெளியேயா? அதுதான் கேள்வி. எனக்கு வெளியே என்றுதான் தோன்றியது. ஆனால் என் தோணலை யார் கேட்டது? அந்தக் கண் பார்க்கிறதா என்று அந்தக் கண்தான் சொல்ல வேண்டும். இத்தனை நாள் மூடியே கிடந்த பிள்ளைக் கண், பார்க்கிற பழக்கத்தையே விட்டுவிடுகிற ஆபத்தும் உண்டு.

பரிசோதனை அன்றைக்கு என் ரூமில் எல்லாரும் இருந்தார்கள். சபீனா, காதர் பாய், செல்வி, டிஷ்யூ பெட்டியில் அத்தா. நஸ்ரினின் நல்ல கண்ணைப் பஞ்சு வைத்து ஒட்டி மறைத்தேன். கையால் மறைக்கச் சொன்னால் விரலிடுக்கில் பார்க்கிற கேடி அவள்.

படம் போட்ட சார்ட்டில் எல்லாவற்றிலும் பெரிய படத்தைக் காட்டினேன். "இது என்னா சொல்லு?"

நஸ்ரின் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரிசா இருக்குது பாரு கண்ணு. என்னா அது?"

அவள் சார்ட்டைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. சபீனா வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். கிட்டே போய், அவள் முன்னால் முட்டி போட்டு, முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக் கேட்டேன்.

"தெரியலையா கண்ணு? ஒண்ணுமே தெரியலையா?"

அந்த ஒற்றைக் கண் என் முகத்தில் எதையோ தேடி, ஓரிடத்தில் நின்றது.

"டாக்டர் ஆன்ட்டி, உங்க தாடையில ஒரு முடி இருக்குது. வெள்ளையா, சுருட்டிக்கினு."

"ஏய்!" என்று சபீனா கையை ஓங்கிவிட்டாள். காதர் பாய் தலையில் அடித்துக்கொண்டார். "என்னா சொன்னா? என்னா சொன்னா?" என்று குவைத்தில் ஒரே கூச்சல். செல்வி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் தாடைக்குப் பக்கத்தில் வந்து உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "எங்க மேடம்? எனக்கு ஒண்ணும் தெரியலையே!" என்றாள்.

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவும் தோன்றவில்லை. சபீனாவின் ஓங்கிய கையைப் பிடித்து இறக்கிவிட்டு, அந்தப் பொண்ணுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி தாடையைத் தூக்கிக் காட்டினேன்.

"எங்க, அத்தாவுக்குக் கேக்குற மாதிரி சத்தமா இன்னொரு தடவை சொல்லு."